மாடி ஏறாத சோபா: மூட்டுவலி உள்ள ஒருவருக்குக் கழிவுப் பொருளில் இருக்கை செய்த கதை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு லிங்கராஜபுரத்தில், ஆட்டோ மட்டுமே நுழையக்கூடிய ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பம் இது. கணவர் டாக்ஸி ஓட்டுகிறார். மனைவி பல வருடம் கார்மென்ட்ஸ் ஆலையில் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கூடவே 68 வயது மாமியார். பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம்.

நான் இயன்முறை மருத்துவர். வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மாமியாருக்காகத்தான் இந்த வீட்டுக்குப் போய்வந்தேன். இங்கே எழுதியிருப்பதெல்லாம் அவர்கள் சம்மதத்தோடு எழுதியவை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். தொடைத் தசைக்கான பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தார், வலியும் ஓரளவு குறைந்திருந்தது. ஆனால் பகல் முழுக்கத் தரையில் பாய் விரித்துத்தான் உட்கார்ந்திருப்பார். எழ வேண்டுமென்றால் மருமகள் வந்து கை கொடுக்க வேண்டும். மருமகள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட இவருக்கு மனசு வராது. அதனால் எழுந்திருக்கும் தேவையையே குறைத்துக்கொண்டுவிட்டார். காலையில் ஒரு காபி, மதியம் சோற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். “தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும். போவணும்னா எழுந்திரிக்கணும் டாக்டரம்மா” என்றார். முந்தைய ஒரு வருடத்தில் அவருக்கு இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைத்தேன்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஆனால் கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்தால் அது வளைகிறது, வழவழப்பான டைல்ஸ் தரையில் கால்கள் அகலுகின்றன. ஒருமுறை அப்படிச் சறுக்கியதிலிருந்து அவர் அதைத் தொடுவதே இல்லை. கைப்பிடி உறுதியாக உள்ள, கொஞ்சம் உயரமான மர நாற்காலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பள்ளிக் கட்டணம் கட்டிய மாதம் அது. கையில் பணம் இல்லை.

சோபா வந்த விதம்

கணவரின் அக்கா ஹென்னூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்கிறார். வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவர்கள் கட்டில், மெத்தை, சோபா என்று விட்டுவிட்டுப் போவது பெங்களூரில் மாதாமாதம் நடப்பது. அப்படி ஒரு மூன்று பேர் உட்காரும் சோபாவும் இரட்டைக் கட்டில் மெத்தையும் அடித்தளத்தில், குப்பை அறைக்குப் பக்கத்தில் கிடந்தன. “வேணும்னா இன்னைக்கே எடுத்துக்கோங்க, நாளைக்கு லாரி வந்துடும்” என்று காவலாளி சொல்ல, அன்று இரவே ஒரு குட்டியானை வண்டி பிடித்து இரண்டையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

படிக்கட்டின் அகலம் 28 அங்குலம். திருப்பத்தில் சோபா திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், கைப்பிடியைக் கழற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சோபாவையும் மெத்தையையும் படிக்கட்டுக்குக் கீழே சாத்திவைத்தார்கள். சின்னப் பையன் மட்டும் ஒரு குஷனைத் தலையணையாக வைத்துக்கொள்ள மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் வழக்கம்போலப் பயிற்சி கொடுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மருமகளின் திட்டம் எளிமையானது: ஆசாரி ஒருவரை வைத்துச் சோபாவை நடுவில் அறுத்து மேலே ஏற்றி, மறுபடி சேர்த்து, உறையைப் புதிதாகத் தைத்துப் போட்டுவிடுவது. தையல் அவர் கைக்குப் பழகிய வேலை.

பார்த்தவை

முதலில் அளவெடுத்தேன். யாரும் உட்காராதபோது இருக்கையின் உயரம் 15½ அங்குலம். நான் உட்கார்ந்ததும் 12 அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. ஆழம் 23 அங்குலம். முன்பக்கம் தரைவரை பலகை அடித்து மூடியிருந்தது.

மூட்டுவலிக்காரருக்கு இதைவிடப் பொருந்தாத இருக்கை கிடைப்பது கடினம். இருக்கை எவ்வளவு தாழ்வோ, எழும்போது முழங்கால் அவ்வளவு அதிகம் மடங்கியிருக்கும், தொடைத் தசைக்கும் மூட்டுக்கும் பாரம் அவ்வளவு கூடும். ஆழம் அதிகமானால் முதலில் முன்னால் நகர்ந்து வரவே தனிப் பாடு. முன்பலகை இருந்தால் பாதத்தைப் பின்னால் இழுத்து இருக்கைக்கு அடியில் வைக்க முடியாது. அப்படி வைக்காமல் எழுவது வயதானவர்களுக்கு மிகவும் கடினம். நாம் எல்லோருமே எழும்போது அதைத்தான் செய்கிறோம், கவனிப்பதில்லை.

அடுத்தது பொருளின் நிலைமை. அதைப் பார்க்கக் கணவர் ஒருவரை அழைத்துவந்தார். டேனரி ரோட்டில் இருக்கும் பெரியவர், ஜே.சி. ரோட்டில் வருடக்கணக்கில் கார் சீட்டுக்குக் குஷன் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் பாய்தான். வந்தவர் சோபாவைக் குப்புறப் போடச் சொன்னார். அடித்துணியைக் கிழித்தார். வளைகம்பி ஸ்பிரிங்கில் இரண்டு அறுந்து தொங்கின. சட்டத்தில் நீளவாக்குக் கட்டைகள் நல்ல மரம், பக்கங்கள் மட்டும் மரத்தூள் பலகை. அடித்தளத்து ஈரத்தில் அது உப்பி, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. பஞ்சு என்று நாம் சொல்லும் ஃபோம் மஞ்சளாகி, கிள்ளினால் மாவாக வந்தது.

பிறகு பாய் சட்டைப்பையிலிருந்து காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுத்தார். மெத்தையின் ஓரத்தில் வட்டமாகத் தைத்திருக்கும் பைப்பிங் மடிப்புக்குள் அதைச் செருகி, ஒரு முழம் நீளத்துக்கு மெதுவாக இழுத்தார். கார்டின் விளிம்பில் கடுகுத் தோல் மாதிரி உரிந்த சட்டைகளும் கருப்புப் புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஈரத்துணியால் ஒரு புள்ளியைத் தொட்டார், மை ஊறுவது போலப் பழுப்பாகப் படர்ந்தது. “இது மூட்டைப்பூச்சியோட பீ. தூசியா இருந்தா இப்படிக் கரையாது” என்றார். சோபாவின் ஸ்டேப்ளர் பின் வரிசைக்கு அடியிலும் அதே புள்ளிகள் இருந்தன.

எதை வைப்பது, எதை விடுவது

இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மருமகள் மெத்தையை விட மனமில்லாமல் இருந்தார். மொட்டை மாடியில் நாலு நாள் வெயிலில் போட்டால் பூச்சி செத்துவிடாதா என்று கேட்டார். ஊரில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாக, ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் சூடு பொருளின் உள்ளே வரைக்கும் போய்ச் சேர வேண்டும். மேல்துணி சுட்டால் பூச்சி உள்ளே போய்விடும். ஆறு அங்குல ஃபோமின் நடுவில் அந்தச் சூட்டை வரவைப்பது திருவண்ணாமலைச் சித்திரை வெயிலிலேயே சிரமம். பெங்களூரு ஜூலையில் பகல் வெப்பம் 28 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், பாதி நாள் மேகமூட்டம் வேறு. மூடிக் கட்டிவைத்துப் பட்டினி போடுவதும் பலிக்காது, பூச்சி மாதக்கணக்கில் இரையில்லாமல் இருக்கும். மருந்தடித்தால் போகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கடைகளில் கிடைக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்குப் பல இடங்களில் மூட்டைப்பூச்சி அசராமல் பழகிவிட்டது. மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றார். ஃபோமில் மண்ணெண்ணெய் என்பது நினைத்தே பார்க்கக் கூடாத விஷயம் என்று சொல்லித் தடுத்தோம்.

பாய் சொன்ன கணக்கு நேரானது: “எலும்பு பழசா இருக்கலாம், சதை புதுசா இருக்கணும்.” மரத்தைச் சுரண்டிப் பார்க்கலாம், மூட்டுகளில் கொதிநீர் ஊற்றலாம், தட்டிப் பார்த்துத் தரம் சொல்லலாம். துணியைக் கொதிநீரில் துவைக்கலாம். யாரோ பயன்படுத்திய ஃபோமுக்குள் மட்டும் நம்மால் போகவே முடியாது. அந்தப் பேச்சோடு முடிவாயிற்று. மெத்தை, சோபாவின் ஃபோம், மரத்தூள் பலகை, உறைத்துணி எல்லாம் வெளியே. நல்ல மரக் கட்டைகள் மட்டும் உள்ளே.

விட்டதை என்ன செய்வது என்பதிலும் மருமகள் ஒரு நல்ல முடிவு எடுத்தார். தெருவில் அப்படியே வைத்தால் இன்னொரு வீடு எடுத்துக்கொண்டு போகும், இவர்கள் எடுத்துவந்த மாதிரியே. அதனால் மெத்தையின் துணியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, தமிழிலும் கன்னடத்திலும் ‘மூட்டைப்பூச்சி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, மாநகராட்சி வண்டிக்காரர் கையிலேயே ஒப்படைத்தார். கட்டிவைத்திருந்த அந்த ஓர் இரவுக்குள்ளேயே இரண்டு பேர் வந்து விசாரித்திருக்கிறார்கள்.

நாற்காலியா, சோபாவா

எனக்குத் தேவை ஒரு நாற்காலி. இரு பக்கமும் கைப்பிடி, 17 அங்குல ஆழம், சரியான உயரம். மாமியார் மறுத்துவிட்டார். “எனக்கு மட்டும் தனியா ஒரு சேரு போட்டு உக்கார வச்சா, வர்றவங்க நோயாளியைப் பாக்கற மாதிரி பாப்பாங்க. பேரப்பிள்ளைங்க பக்கத்துல உக்கார முடியாது.” மருமகளும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: வீட்டுக்கு யாராவது வந்தால் உட்காரச் சொல்ல ஓர் இடம் இல்லை, அத்தைக்கும் அது குறைதான்.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிடிக்காத இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். எத்தனையோ வீடுகளில், மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கிய உயர நாற்காலி துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே 38 அங்குல அகலத்தில், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தாராளமாக உட்காரும் இருக்கை என்று முடிவானது. அவருடைய இடம் வலது மூலை. வலது கை கைப்பிடியை அழுத்தும், இடது உள்ளங்கை இருக்கையின் விளிம்பை அழுத்தும். விளிம்பு அமுங்காமல் கெட்டியாக இருந்தால் இது நடக்கும்.

இதற்கு நடுவில் கணவர் டயர் யோசனையும் சொன்னார். காருக்குப் போடும் 175/65 ஆர்14 டயர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு அங்குல அகலம். இரண்டை அடுக்கி மேலே குஷன் வைத்தால் உயரம் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஆனால் பிடித்து எழக் கைப்பிடி கிடையாது, பாதத்தைப் பின்னால் இழுக்கவும் இடமில்லை. சின்ன வீட்டுக்குள் ரப்பர் வாடை வேறு. வெளியே போட்டால் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும். அந்த யோசனை அதோடு போயிற்று.

உயரம்

மாமியார் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கையில், தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 15½ அங்குலம். டைல்ஸ் கடையிலிருந்து வாங்கிய மரப்பெட்டி மேல் பலகைகளை அடுக்கி மூன்று உயரங்களில் உட்காரவைத்து எழச் சொன்னோம். 16 அங்குலத்தில் முழு உதவி தேவைப்பட்டது. 19 அங்குலத்தில் சுலபமாக எழுந்தார், ஆனால் உட்கார்ந்திருக்கும்போது கால்விரல் மட்டுமே தரையில் பட்டது. அப்படி நெடுநேரம் இருந்தால் தொடையின் அடியில் அழுத்தம் ஏறிக் கால் மரத்துப்போகும். 17½ அங்குலத்தில் பாதம் பதிந்தது, ஒரு கை அழுத்தத்தில் எழவும் முடிந்தது.

இதில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. 17½ என்பது அவர் உட்கார்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம். ஃபோமும் பட்டையும் சேர்ந்து அவர் எடைக்கு ஓர் அங்குலம் அமுங்கும் என்று பாய் மதிப்பிட்டார். அதனால் காலியாக இருக்கும்போது 18½. மூன்று அங்குல ஃபோமைக் கழித்தால் சட்டத்தின் மேல்மட்டம் 15½. இந்த எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள்.

சட்டமும் பட்டையும்

சோபாவின் நீளக் கட்டைகள் கீழேயே பிரிக்கப்பட்டன. ஆணி, பின் எல்லாம் பிடுங்கி, ஒவ்வொரு துளையிலும் வெடிப்பிலும் கெட்டிலால் கொதிநீர் ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மாடியில் காயவைத்தார்கள். போதாத மரத்துக்கு அதே டைல்ஸ் கடையில் கிடந்த பேலட், அதாவது சரக்கை அடுக்கிவைக்கும் மரத்தட்டு, இரண்டு. பேலட் எடுக்கும்போது முத்திரையைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கோடு வருபவற்றில் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற, சரக்குக் கட்டும் மரத்துக்கான சர்வதேச விதிப்படி கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஒரு குறியீடு இருக்கும். எச்.டி. என்றிருந்தால், மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, அது வீட்டுக்கு வேண்டாம். முத்திரை சரியாக இருந்தாலும், மேலே எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தால் அதையும் விட்டுவிடுவது நல்லது. கிடைத்த நான்கில் இரண்டை இப்படிக் கழித்தார்கள்.

எல்லாத் துண்டுகளையும் மேலே கொண்டுபோய் அறைக்குள்ளேயே சேர்த்தார்கள். மூட்டுகளில் ஆணி அடிக்கவில்லை, போல்ட் நட்டு. ஒரு பக்கக் கைப்பிடியில் மட்டும் முழு எடையும் விழும்போது ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டது, அமுங்கிய இருக்கையிலிருந்து ஏழு அங்குல உயரம். முன்பக்கம் கால்கள் மட்டுமே, பலகை இல்லை.

அடிப்பட்டைக்குக் கணவர் கொண்டுவந்தது பழைய கார்களின் சீட் பெல்ட். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் வழியாகப் பிரித்துப்போட்ட வண்டிகளிலிருந்து கிடைத்தது. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம், பாலியெஸ்டர் நெசவு, கிட்டத்தட்ட நீளவே நீளாது. பலர் சைக்கிள் டியூபைக் கட்டுவார்கள். அது இழுபடும், உட்கார்ந்ததும் பள்ளம் விழும். சும்மா சாய்ந்து உட்கார அது சுகம்தான், முழங்காலுக்கு ஆகாது. முன்னும் பின்னுமாகப் போகும் பட்டைகளை முதலில் இழுத்துக் கட்டி, குறுக்குப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றன் கீழ் என்று கோரைப்பாய் பின்னுவது போலக் கோத்தார்கள். முனையை இரண்டாக மடித்து, வாஷர் வைத்து ஸ்க்ரூ. ஒவ்வொரு பட்டையையும் பாய் சுண்டிப் பார்த்து, சத்தம் பிடிக்காவிட்டால் அவிழ்த்து மறுபடி இழுக்கச் சொன்னார். மேலே ஒரு சாக்குத் துணி, கோணி ஊசியால் பட்டையோடு சேர்த்துத் தைத்தது.

நிரப்பியது, போர்த்தியது

புதிதாக வாங்கிய முக்கியப் பொருள் இருக்கைக்கான ஃபோம்தான். 40 அடர்த்தி (கனமீட்டருக்கு 40 கிலோ), மூன்று அங்குலம், ஜே.சி. ரோட்டில் வெட்டுமிச்சமாகக் கிடைத்தது. 700 ரூபாய். போல்ட், வெல்க்ரோ, நூல், குட்டியானை வாடகை, பாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்ட கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 2,300 ரூபாய் ஆனது.

முதுகுத் திண்டுக்கு ஃபோம் வாங்கவில்லை. தையல் கடைகளில் விழும் வெட்டுத்துணி, யாரும் உடுத்தாத புதுத்துணியின் மிச்சம் என்பதால் பூச்சிப் பயம் இல்லை. மருமகள் அதை அங்குல அங்குலமாக நறுக்கினார். அப்படியே பையில் திணித்தால் ஒரே வாரத்தில் அடியில் போய்க் கட்டியாக உட்கார்ந்துவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. பழைய காட்டன் புடவையில் உள்பை தைத்து, அதை ஐந்து அங்குல அகலத்தில் நெடுக்காக அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பூரிக்கட்டையால் குத்திக் குத்தி நிரப்பினார். பாலியெஸ்டர் கலந்த துணிதான் அதிகம் வைத்தார். பருத்தி மழைக்கால ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

உறைக்கு ரெக்சின் எடுக்கலாம், துடைத்தால் போதும் என்று ஒரு பேச்சு வந்தது. ரெக்சினில் வியர்க்கும், புடவை வழுக்கும், உட்கார்ந்தவர் முன்னால் சரிந்துகொண்டே வருவார். கடைசியில் பழைய ஜீன்ஸ் பேன்ட்டுகள். கொதிநீரில் துவைத்து, கால் பகுதிகளை விரித்து, இரட்டைத் தையலில் சேர்த்தார். அந்தத் தையலைப் பார்த்தால் ஆலையில் பழகிய கை என்று உடனே தெரியும். உறை முழுவதையும் கழற்றித் துவைக்க அடியில் வெல்க்ரோ. இருக்கையின் அடித்துணியும் வெல்க்ரோதான். பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க அந்த வழி வேண்டும் என்பது பாயின் கண்டிப்பு.

வைக்கும் இடத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பூஜை அலமாரிக்குக் கீழேதான் சுவர் காலியாக இருந்தது. அகல்விளக்கும் ஊதுபத்தியும் எரியும் இடம் அது. பாலியூரித்தேன் ஃபோம் தீப்பற்றினால் மளமளவென்று எரியும், அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். இருக்கை எதிர்ச்சுவருக்குப் போனது, தையல் மிஷின் ஜன்னலோரத்துக்கு நகர்ந்தது.

பிறகு நடந்தது

இருக்கை வந்த முதல் வாரத்தில் பையனின் கழுத்திலும் கையிலும் வரிசையாகத் தடிப்புகள். எல்லோரும் புது இருக்கையைத்தான் சந்தேகப்பட்டார்கள். அடித்துணியைத் திறந்து தேடினோம், ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அவன் முதல் நாளே மேலே கொண்டுபோன குஷன் வெளியே வந்தது. அதன் ஜிப்பின் மடிப்பில் உயிரோடு பூச்சிகள் இருந்தன. மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை தெரியவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், சொறிந்து புண்ணாகும், வீட்டுக்காரர் காதுக்குப் போனால் வாடகை வீட்டில் அது வேறு தலைவலி. குஷனை மூடிக் கட்டி அனுப்பிவிட்டு, படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் போட்டு, படுக்கும் பாய்களின் ஓரங்களையும் இருக்கையின் தையல்களையும் சூடான இஸ்திரிப் பெட்டியால் நிதானமாக அழுத்தினார்கள். முட்டை பொரிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை ஆகும் என்பதால் ஒருமுறை செய்து விட்டுவிட முடியாது. வாரம் ஒருமுறை, ஒன்றரை மாதம் தொடர்ந்தார்கள். கடைசி மூன்று வாரமும் எதுவும் தென்படவில்லை.

மாமியார் முதல் நாளிலிருந்தே வலது மூலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வாரத்தில் யார் கையும் பிடிக்காமல் எழுந்தார். மூன்றாவது மாதம் நான் பார்த்தபோது காலை முதல் மாலை வரை ஐந்து டம்ளர் தண்ணீர் ஓடியிருந்தது. ஒவ்வொரு டம்ளருக்கும் சுவரில் கோடு போடுவது பேத்தியின் வேலை. அதன்பின் இதை எழுதும்வரை சிறுநீர்த் தொற்று வரவில்லை. முழங்கால் குணமாகிவிடவில்லை, படிக்கட்டு இன்னும் கஷ்டம்தான். கீரை ஆய்வதற்கு இப்போதும் தரையில்தான் உட்காருகிறார், கேட்டால் “பழக்கம்” என்கிறார். ஆனால் உட்காரும்முன் மருமகளிடம் சொல்லிவிட்டு உட்காருகிறார்.

ஒரு மாதத்தில் மரம் உலர்ந்து சுருங்கியதில் கைப்பிடி லேசாக ஆடியது. போல்ட் என்பதால் ஸ்பேனர் வைத்து முடுக்கினால் போதுமாக இருந்தது. அதிகம் துவைக்காத ஒரு ஜீன்ஸ், மாமியாரின் சந்தன நிறப் புடவையில் நீலம் ஏற்றிவிட்டது. அந்த ஒரு துண்டைப் பிரித்து மாற்றினார் மருமகள். முதுகுத் திண்டு மூன்று மாதத்தில் தொய்ந்தது.

இன்னொரு முறை செய்தால்

முதல் மாற்றம் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வர வேண்டும். டார்ச்சும் ஒரு பழைய கார்டும் இருந்தால் பத்து நிமிடத்தில் அந்த அடித்தளத்திலேயே மெத்தையைக் கழித்திருக்கலாம். வாடகையும் மிச்சம், பையனும் கடிபட்டிருக்க மாட்டான். படிக்கட்டு குறுகலாக இருந்ததால் மட்டுமே பூச்சி பிடித்த சோபா வீட்டுக்குள் போகாமல் நின்றது. அளவு சரியாக இருந்திருந்தால் அன்று இரவே எல்லோரும் அதன் மேல் படுத்திருப்பார்கள்.

அடித்தளத்தில் கிடந்த மரம் வெளியே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் மூன்று நான்கு வாரமாவது காற்றாட நிறுத்திவைத்த பிறகு அறுப்பது நல்லது. திண்டின் அறைகளை மூன்று அங்குலமாகக் குறுக்க வேண்டும் என்கிறார் மருமகள், துணியையும் இன்னும் பொடியாக நறுக்க வேண்டுமாம். ஜீன்ஸை வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே வெட்டுவார்.

எனக்கு உறுத்துவது இடது பக்கம். இருக்கையின் விளிம்பை அழுத்தி எழுவது இன்று அவருக்கு முடிகிறது. மணிக்கட்டில் வலி வந்துவிட்டால் முடியாது. அகலத்தை 30 அங்குலமாகக் குறைத்து, இரண்டு கைப்பிடியும் எட்டும்படி செய்து, பேரப்பிள்ளைக்கென்று பக்கத்திலேயே தனியாக ஒரு முக்காலி என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். மீதமிருந்த பேலட் பலகையில் அந்த முக்காலியை இப்போது மருமகள் தொடங்கியிருக்கிறார். சட்டம் தயார், வெட்டுமிச்ச ஃபோம் வாங்க வேண்டும்.